பட்டறை இருந்தது, ஆர்டர் வரவில்லை: வாசகர் கேள்வி - பதில்

காலனி ஆட்சி நம் தொழில் வளர்ச்சியை என்ன செய்தது என்று சென்ற இதழில் ஒரு மாணவி கேட்டிருந்தார். "அள்ளிக்கொண்டு போன பணம் பெரிய நஷ்டம், ஆனால் நம்மைத் தொழில் கற்க விடாமல் வைத்திருந்தது அதைவிடப் பெரிய நஷ்டம்" என்று நாலே வரியில் பதில் எழுதிவிட்டேன். நாலு வரி போதவில்லை என்பது வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதே விஷயம்தான்.

கேள்வி: ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயில், தபால், துறைமுகம் எல்லாம் வெள்ளைக்காரன் போட்டதுதானே? அதன் மேல்தானே இன்றைய தொழிற்சாலைகள் நிற்கின்றன? கற்க விடவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: ஐயா, ஃபிட்டர் என்று சொல்லிவிட்டீர்கள், உங்களிடம் எஞ்சினை வைத்தே பேசலாம். பழைய நீராவி எஞ்சின்களின் பக்கவாட்டில் ஒரு தகடு பதித்திருப்பார்களே, செய்த கம்பெனி, ஊர், வருஷம் எல்லாம் போட்டு, அதில் எத்தனை எஞ்சினில் கிளாஸ்கோ, மான்செஸ்டர் என்று பிரிட்டன் ஊர்களின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தகடுதான் என் பதில்.

பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853ல். நம் பக்கம் ராயபுரத்திலிருந்து 1856ல் ஓடியது. ஜப்பானுக்கு ரயில் வந்ததோ 1872ல்தான், நமக்கு 19 வருஷம் கழித்து. அவர்களும் ஆரம்பத்தில் இங்கிலாந்து எஞ்சின்களைத்தான் வாங்கினார்கள், இங்கிலாந்து எஞ்சினியர்களைத்தான் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஜப்பான் மண்ணில் முதல் எஞ்சின் 1893ல் கோபே பணிமனையில் தயாரானது. இங்கே அஜ்மீர் பணிமனையில் 1895ல் தயாரானது. இரண்டே வருஷம்தான் வித்தியாசம்! 1899ல் ஜமால்பூரிலும் செய்துவிட்டார்கள். அதாவது கை இருந்தது, பட்டறை இருந்தது, செய்ய முடியும் என்று செய்தும் காட்டியாகிவிட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் விஷயம். ஜப்பான் அரசு தன் ரயில்வேக்கு வேண்டிய எஞ்சின்களை உள்ளூர் கம்பெனிகளிடம் கேட்க ஆரம்பித்தது, முதலில் வந்தவை சுமாராக இருந்தாலும் வாங்கியது, 1910களில் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றே போனது. இங்கே ரயில்வே கம்பெனிகளின் போர்டு லண்டனில் உட்கார்ந்திருந்தது, அரசாங்கம் வாங்கும் சாமான்களுக்கும் ஆர்டர் லண்டனிலிருந்துதான் போகும், ஆகவே எஞ்சின் பிரிட்டனிலிருந்தே வந்துகொண்டிருந்தது. சுதந்திரத்துக்கு முன் பிரிட்டனிலிருந்து வந்த எஞ்சின்கள் 12,000க்கும் மேல். இங்கே செய்தவை 700 சொச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. 1921ல் அரசாங்கமே, இனி எஞ்சின்களுக்கு வருஷா வருஷம் இந்தியாவில் டெண்டர் விடுவோம் என்று அறிவித்தது. அதை நம்பி பெனின்சுலர் லோகோமோட்டிவ் என்று ஒரு கம்பெனி ஜாம்ஷெட்பூர் பக்கத்தில் தொழிற்சாலை போட்டது. ஆர்டர் வரவில்லை. இறக்குமதி எஞ்சின் மேல் பாதுகாப்பு வரி போடச் சொல்லிக் கேட்டார்கள், அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அரசாங்கமே அந்த ஆலையை வாங்கி ரயில் பெட்டிகளின் அடிச்சட்டம் செய்ய வைத்துக்கொண்டது. பெரிய அளவில் எஞ்சின் செய்ய 1950ல் சித்தரஞ்சன் ஆலை வரவேண்டியிருந்தது. முதல் ரயிலுக்கும் அதற்கும் நடுவில் 97 வருஷம்.

ஒரு நாடு எஞ்சின் செய்தால் எஞ்சின் மட்டும் வராது. அதற்குக் கொதிகலன் தகடு வேண்டும், அந்தத் தகட்டுக்கு நல்ல எஃகு வேண்டும், வார்ப்படம் ஊற்ற, கடைசல் பிடிக்க, அளவு பார்க்க ஆட்கள் வேண்டும், அந்த ஆட்கள் வயதானபின் தம் கீழ் வேலை பார்க்கும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அதில் ஒருவன் வெளியே போய்ச் சொந்தமாகப் பட்டறை போடுவான். பிரிட்டனில் ரயில் இப்படித்தான் தொழிலைப் பெருக்கியது. நமக்குத் தண்டவாளம் வந்தது, இந்தச் சங்கிலி வரவில்லை. பழுது பார்க்கும் வேலை வந்தது, அதில் உங்களைப் போன்றவர்களின் முன்னோடிகள் கெட்டிக்காரர்களாகவும் இருந்தார்கள். ஆனால் வடிவமைப்பு வேலையும் அதைப் படித்தவர்களின் உயர் பதவிகளும் வெகுகாலம் வெள்ளைக்காரர்களுக்கே என்று இருந்தன.

துறைமுகத்தைப் பற்றியும் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொன்னால், உள்நாட்டு ஊரிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பினால் ரயில் கட்டணம் குறைவு, உள்நாட்டு ஊருக்கும் உள்நாட்டு ஊருக்கும் நடுவே அனுப்பினால் அதிகம், பல தடங்களில் இப்படித்தான் இருந்தது. 1916ல் அரசே அமைத்த தொழில் கமிஷன்கூட இதைக் குறை சொல்லியிருக்கிறது. பஞ்சும் தானியமும் வெளியே போகவும், துணியும் இயந்திரமும் உள்ளே வரவும் போட்ட பாதை அது.

கேள்வி: டாக்கா மஸ்லின் நெசவாளர்களின் கட்டை விரலை ஆங்கிலேயர்கள் வெட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறேன். உண்மையா?

பதில்: அப்படி வெட்டியதற்கு ஆதாரம் இல்லை. இந்தக் கதைக்கு மூலமாகக் காட்டப்படுவது 1772ல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு அப்புறம் அதோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர் அவர். அவர் சொன்னது பட்டு நூற்பவர்களைப் பற்றி. கம்பெனி ஆட்களின் கட்டாய வேலை தாங்காமல் சிலர் தங்கள் விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்று எழுதினார். யோசித்துப் பார்த்தால் அது இன்னும் பயங்கரமாக இருக்கிறது.

ஆனால் நெசவை அடித்தது கத்தி இல்லை, வரியும் இயந்திரமும்தான். இங்கிலாந்து முதலில் தன் சந்தையைப் பூட்டிக்கொண்டது: 1700லும் 1721லும் சட்டம் போட்டு, நம் சாயத் துணிகளை அங்கே விற்கவும் உடுத்தவும் தடை செய்தார்கள். அந்தப் பாதுகாப்புக்குள்தான் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதித் துணி ஆலைகள் வளர்ந்தன. அவை வளர்ந்து முடித்த பிறகு, நாம் அதே மாதிரி நம் கதவைச் சாத்திக்கொள்ள முடியவில்லை, சாவி நம் கையில் இல்லை.

இதில் எல்லோரும் மறந்துபோவது நூல் நூற்ற பெண்களை. கைத்தறி நெசவு முழுதாக அழியவில்லை, இறக்குமதி நூல் மலிவாகக் கிடைத்ததால் நெசவாளர் பலர் அதை வாங்கி நெய்து எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். வீட்டுத் திண்ணையில் ராட்டை சுற்றி நாலு காசு பார்த்த பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்கள் வருமானம் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் போய்விட்டது, அதைப் பற்றி ஒரு கதைகூட ஊரில் இல்லை.

பால் பைரோக் என்ற பொருளாதார வரலாற்றாசிரியரின் கணக்குப்படி, 1750ல் உலகத்தின் உற்பத்திப் பொருள்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் பங்கு சுமார் 24.5%, 1913ல் 1.4%. இதை அப்படியே "அழித்தார்கள்" என்று படிக்கக் கூடாது, மற்ற நாடுகளின் உற்பத்தி இயந்திரத்தால் பல மடங்கு பெருகியதாலும் நம் பங்கு சுருங்கியது. கேட்க வேண்டியது, அந்த இயந்திரப் பெருக்கத்தில் நாம் ஏன் இல்லை என்பதுதான்.

நூற்பாலைகளும் துணி ஆலைகளும் பம்பாயில் வந்தன, நம்மவர்கள் பணத்தில் வந்தன, நன்றாகவும் ஓடின. அதற்கு என்ன பரிசு கிடைத்தது என்றால், 1896ல் இறக்குமதித் துணிக்கு 3.5% வரி போட்ட அதே கையோடு, இந்திய ஆலைத் துணிக்கும் 3.5% கலால் வரி போட்டார்கள். அரசுக்குப் பணம் வேண்டும் என்பதற்காக இறக்குமதி வரி வந்தது. அதனால் இந்திய ஆலைக்குத் துளிகூட அனுகூலம் வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த வரி வந்தது. லங்காஷயர் கேட்டது, கிடைத்தது. 1925 வரை இது நீடித்தது.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரியா? நல்லது செய்ய நினைத்த அதிகாரி ஒருவர்கூட இல்லையா?

பதில்: இருந்தார்கள். சென்னை மாகாணத்திலேயே ஒருவர் இருந்தார், ஆல்ஃபிரட் சாட்டர்டன். அவர் கதை தெரிந்தால் இந்த ஆட்சி எப்படி வேலை செய்தது என்பது நன்றாகப் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாட்டர்டன் கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக வந்தவர். 1890களின் கடைசியில் சென்னை கலைத் தொழிற் பள்ளியில் ஒரு சோதனை ஆரம்பித்தார். செம்பு, பித்தளை அடிக்கும் நம் கன்னார்களை உட்கார வைத்து, அப்போது புதுசாக வந்திருந்த அலுமினியத் தகட்டில் பாத்திரம் அடிக்கச் சொன்னார். கைப்பழக்கம் பழையது, உலோகம் புதுசு. பாத்திரங்கள் விற்றன. 1903ல் அந்தப் பட்டறை ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. அரசாங்கம் நஷ்ட பயமில்லாமல் முதலில் செய்து காட்டி, அது ஓடுகிறது என்று தெரிந்ததும் தனியாரிடம் விட்டுவிடுவது, இதுதான் அவர் முறை.

அடுத்தது தோல். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் அது. கவலையில் கட்டும் தோல் பை நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறும், வெயிலில் காயும், மறுபடியும் ஊறும், சீக்கிரமே நைந்துபோகும். குரோம் முறையில் பதனிட்ட தோல் தண்ணீரைத் தாங்கும் என்று சாட்டர்டன் அதற்கு ஒரு தொழிற்கூடம் போட்டார். லண்டனுக்கு ஏற்றுமதி செய்வதற்கு இல்லை, விவசாயியின் கிணற்றடிக்கு என்று ஆரம்பித்த தொழில் என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைப்பதையும் அவரே ஊர் ஊராகச் செய்து காட்டினார்.

1908ல் ஊட்டியில் தொழில் மாநாடு கூட்டி, மாகாணத்தில் தொழில் துறை என்று ஒன்றை நிலையாக வைக்க முடிவானது. ஆனால் சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை, அரசாங்கம் எங்களோடு போட்டி போடுவதா என்றார்கள். விவகாரம் லண்டன் போனது. இந்தியா மந்திரி மார்லி 1910ல் பதில் அனுப்பினார்: தொழிற்கல்வி கொடுங்கள், அரசுப் பணத்தில் தொழில் நடத்த வேண்டாம். ஒரு கடிதம், அவ்வளவுதான், சென்னையில் பத்து வருஷ வேலை கலைந்தது.

சாட்டர்டன் 1912ல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். அதே வருஷம் அங்கே விஸ்வேஸ்வரய்யா திவான் ஆனார். சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் அங்கே 1902லேயே வந்திருந்தது, சந்தன சோப்பு வந்தது, பத்ராவதி இரும்பாலை வந்தது. மைசூரும் ஆங்கிலேயரின் மேலாண்மையில் இருந்த சமஸ்தானம்தான், ஆனால் உள் விவகாரங்களில் தானே முடிவெடுக்கக் கொஞ்சம் இடம் இருந்தது. அந்தக் கொஞ்ச இடம் என்ன செய்தது பாருங்கள். நல்ல அதிகாரி ஒருவர் இருப்பது போதாது, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு கதை போதும்.

கேள்வி: கொரியாவும் ஜப்பானின் காலனியாக இருந்த நாடுதானே? அவர்கள் கார், கப்பல், செல்போன் என்று எங்கேயோ போய்விட்டார்கள். அப்படியானால் காலனி ஆட்சி ஒரு சாக்குத்தானே?

பதில்: நல்ல கேள்வி, இதற்கு ஆய்வாளர்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பான், பிரிட்டன் இங்கே செய்யாத ஒன்றைச் செய்தது, கனரக ஆலைகளையே அங்கே கொண்டுபோய் வைத்தது. ஹுங்னாமில் பெரிய உரத் தொழிற்சாலை, அதற்கு நீர்மின்சாரம் என்று. கொரியா பக்கத்து நாடு, சீனாவோடு போருக்கு அது தளம், அதனால் செய்தார்கள். ஆரம்பத்தில் கம்பெனி தொடங்கவே அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டுக் கொரியர்களை முடக்கியவர்களும் அவர்களேதான்.

இதனால்தான் தென் கொரியா முன்னேறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹுங்னாம் இன்று வட கொரியாவில் இருக்கிறது. பெரிய ஆலைகளும் மின் நிலையங்களும் பெரும்பாலும் வடக்கில், 1948ல் வடக்கு மின்சாரத்தை நிறுத்தியதும் தெற்கு இருளில் நின்றது. மிச்சம் இருந்ததில் பெரும்பகுதியை 1950-53 போர் தரைமட்டமாக்கியது. மேலாளர்களும் எஞ்சினியர்களும் பெரும்பாலும் ஜப்பானியர்கள், அவர்கள் 1945லேயே கப்பலேறிவிட்டார்கள். ஆலைகளைப் பெற்ற வடக்கு எங்கே இருக்கிறது, இழந்த தெற்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஜப்பானியர்கள் விட்டுப்போன இயந்திரங்கள் எவ்வளவு உதவியிருக்கும் என்று தெரியும்.

தெற்கு செய்தது வேறு. நிலச் சீர்திருத்தம் முதலில், பள்ளிக்கூடம் எல்லா ஊருக்கும், அமெரிக்க உதவியும் அமெரிக்கச் சந்தையும் கிடைத்தன, அதையும் மறைக்கக் கூடாது. 1965ல் ஜப்பானோடு உறவைச் சரிசெய்துகொண்டபோது வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை இரும்பாலையில் போட்டார்கள், போஹாங்கில். 1968ல் கம்பெனி ஆரம்பம், 1973ல் உலை எரியத் தொடங்கியது. ஆட்களை ஜப்பானுக்கே அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்தார்கள். தங்களை ஆண்ட நாட்டிடமே போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள், ஆனால் என்ன கற்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள்.

இதே மாதிரி இன்னொரு வாசகர் ஜாவாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். டச்சுக்காரர்கள் 1830க்குப் பிறகு விவசாயிகளைக் கட்டாயப்படுத்திக் கரும்பு போட வைத்து, சர்க்கரை ஆலை வைத்த இடங்கள், இன்று பக்கத்துக் கிராமங்களைவிடத் தொழிலிலும் படிப்பிலும் முன்னால் இருக்கின்றன என்று ஒரு ஆய்வு வந்திருக்கிறது, உண்மைதான். ஆலைக்காக வந்த சாலையும் ரயிலும் அங்கேயே தங்கிவிட்டன. ஆனால் அந்த ஆய்வு ஜாவாவுக்குள்ளேயே ஊரை ஊரோடு ஒப்பிடுகிறது. டச்சுக்காரர்கள் வராமலே இருந்திருந்தால் ஜாவா எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கேள்வி: சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை நாள் வெள்ளைக்காரன் மேலேயே பழி போடுவது?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1947க்குப் பிறகு எடுத்த தப்பான முடிவுகள் நம்முடையவை. ஒரு தொழிற்சாலையை விரிவாக்கக்கூட டெல்லியில் லைசென்ஸுக்குக் காத்துக்கிடக்க வைத்தது நாம், ஆரம்பப் பள்ளிக்கூடத்தைக் கொரியா மாதிரி கவனிக்காமல் விட்டதும் நாம்.

ஆனால் எந்த இடத்திலிருந்து கிளம்பினோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று மூன்று எஃகாலைகள் போட வேண்டும் என்றபோது ரஷ்யா, ஜெர்மனி, பிரிட்டன் என்று மூன்று நாட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது.

லைசென்ஸ் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் முழுக்க நம் கண்டுபிடிப்பு இல்லை. ஒரு கம்பெனி பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட அரசின் அனுமதி வேண்டும் என்று 1943ல் போர்க்கால விதியாகக் கொண்டுவந்தார்கள். போர் முடிந்தது, ஆட்சி மாறியது, விதி மட்டும் 1992 வரை இருந்தது. வியாபாரம் செய்ய வந்த ஒரு கம்பெனி நாட்டையே பிடித்துக்கொண்டது என்ற நினைவு, வெளிநாட்டு வியாபாரம் என்றாலே நமக்கு ஒரு பயத்தைக் கொடுத்துவிட்டது. நாம் கதவைச் சாத்திக்கொண்ட அதே வருஷங்களில்தான் கொரியாவும் தைவானும் ஏற்றுமதியில் பிழைக்கக் கற்றுக்கொண்டன. அந்தப் பயத்துக்குக் காரணம் வெள்ளைக்காரர்கள், அதை 1991 வரை தூக்கிச் சுமந்தது நாம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: கோயம்புத்தூர் மட்டும் அந்தக் காலத்திலேயே எப்படித் தொழில் நகரமானது?

பதில்: கரிசல் பூமியில் பருத்தி, மண்ணோடு மல்லுக்கட்டிப் பழகிய குடும்பங்களின் சேமிப்பு, இதெல்லாம் முன்பே இருந்தன. 1888ல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது, 1910ல் லட்சுமி மில். ஆனால் ஆலைகள் வரிசையாக எழுந்தது 1930களில்தான். மாகாணங்களுக்குச் சில துறைகளை விட்டுக்கொடுத்த 1919 ஆட்சிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தொழில் துறை மாகாணத்தின் கைக்கு வந்திருந்தது. பருத்தித் துணிக்கு இறக்குமதி வரி உயர்ந்தது, ஜப்பான் துணியைத் தடுக்கத்தான் போட்டார்கள், ஆனாலும் நம் ஆலைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது, அது சென்னை மாகாண அரசே போட்ட திட்டம். மார்லி கூடாது என்று சொன்ன காரியத்துக்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து வாசல் திறந்தது.

நூற்பாலை வந்தால் அதன் உதிரி பாகம் செய்ய வார்ப்படப் பட்டறை வந்தது, பட்டறை வந்தால் ஆட்கள் பழகினார்கள், முதல் பதிலில் எஞ்சினுக்குச் சொன்ன சங்கிலி இங்கே தறிக்கும் ராட்டைக்கும் ஓடியது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்தார்கள். அந்த ஊர் மோட்டாரும் பம்பும் பிறகு சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போயின. கவலை மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், தோல் பையைப் பரணில் போட்டார்கள்.